நான் பாத்துக்கறேன்

லிஃப்ட் பாதியில் நின்றுபோனால் மனிதர்கள் என்னவெல்லாம் பேசுவார்கள் என்று தெரிய வேண்டுமா, அவளைக் கேளுங்கள். அழுவார்கள், கெட்ட வார்த்தையில் திட்டுவார்கள், தனக்கு மந்திரியைத் தெரியும் என்பார்கள். ஒரு பெரிய மனிதர் உள்ளே மாட்டிக்கொண்ட நேரத்தில் தன் கல்யாண வாழ்க்கை முழுவதையும் அவளிடம் கொட்டித் தீர்த்துவிட்டு, கதவு திறந்ததும் "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டார். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டுகளைப் பராமரிக்கிற கம்பெனியில், புகார் எடுக்கும் அறையில், அவளுக்கு வேலை. காதில் ஒரு ஹெட்ஃபோன், முன்னால் ஒரு திரை. திரையில் எந்த மெக்கானிக் எந்தத் தெருவில் இருக்கிறான் என்று புள்ளி புள்ளியாகத் தெரியும். இருபது வயது தாண்டி உள்ளே வந்தவள், இப்போது காதோரம் நரைத்துவிட்டது.

ஃபோனை எடுத்ததும் அவள் சொல்லும் முதல் வார்த்தை "பதறாதீங்க." அதனால் ஆபீசில் அவளுக்குப் பெயரே அதுதான். "பதறாதீங்க சாப்பிடப் போயாச்சா?" என்பார்கள். "பதறாதீங்க இன்னைக்கு ஒரு மாதிரி இருக்காங்க, பக்கத்துல போகாதே" என்பார்கள். வாசல் காவலாளிக்கு அவளுடைய நிஜப் பெயர் தெரியுமா என்பதே சந்தேகம்.

அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கு அவள்தான் அதைச் சொல்லிக் கொடுப்பாள். "எது வேணா சொல்லு. பாத்துக்கறோம்னு மட்டும் சொல்லாதே. பாத்துக்கறோம்னா என்ன அர்த்தம்? யாரு வர்றா, எப்போ வர்றா? ஒண்ணும் கிடையாது. உள்ள நிக்கறவனுக்கு வேண்டியது ஆள். ஆள் கிளம்பிட்டாரா, அதைச் சொல்லு. கிளம்பலையா, முதல்ல கிளப்பு, அப்புறம் சொல்லு." அவள் பேச்சில் அந்த ஒரு வார்த்தை தவறிக்கூட வராது.

வீட்டில் அவள் காதில் விழுந்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான்.

வீட்டில் அப்பா, அம்மா, அவள். அப்பாவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய், கையளவு வார்த்தைகள்தான் மிச்சம். அவற்றை வைத்தே அவர் சமாளித்துவிடுவார், கேட்கிறவர்களுக்குத்தான் பொறுமை வேண்டும். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது, வாய் மட்டும் நன்றாக இருக்கிறது. காலையில் அப்பாவை எழுப்பி, கழுவி, உடை மாற்றி, நாற்காலியில் உட்கார வைத்து, சமைத்து மூடி வைத்து, மாத்திரைகளைப் பிரித்து வைத்துவிட்டு அவள் வேலைக்கு ஓடுவாள். ஆபீஸ் பக்கத்தில்தான். மதியச் சாப்பாட்டு வேளையில் வீட்டுக்கு ஓடி வந்து அப்பாவைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய், ஊட்டிவிட்டுத் திரும்ப ஓடுவாள். தன் சாப்பாட்டை நடந்துகொண்டே முடித்துவிடுவாள். கூலிக்கு ஒரு பெண்ணை வைத்துப் பார்த்தார்கள். ஒரு வாரம் தாங்கவில்லை. "என் புருஷனை வேத்து ஆள் தொட்டுத் தூக்கறதா?" என்று அம்மா அவளை விரட்டிவிட்டாள். மகளுக்குக் கை வலிக்குமா என்று அம்மா ஒரு நாளும் கேட்டதில்லை. மகள் வேத்து ஆள் இல்லையே!

தம்பி இருக்கிறான். இல்லாமல் என்ன? அரை மணி தூரத்தில், நாலாவது மாடியில், மனைவியோடு இருக்கிறான். நல்ல உத்தியோகம், நல்ல சட்டை. ஞாயிற்றுக்கிழமை வருவான், அப்பாவின் தோளைத் தட்டுவான், அம்மா கையால் சாப்பிடுவான், செருப்பை மாட்டும்போது, "ஏதாவதுன்னா சொல்லுக்கா, நான் பாத்துக்கறேன்" என்பான். ஏதாவது என்று அவள் சொன்னால், "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்" என்பான். இவன் பாத்துக்கறேன் என்று சொல்லி உருப்பட்ட காரியம் ஒன்றுகூட அவளுக்கு ஞாபகம் இல்லை. கொஞ்ச நாள் கூட்டிப்போய் வைத்துக்கொள்ளேன் என்று ஒரு தடவை வாய்விட்டே கேட்டாள். "நாலாவது மாடிக்கா. லிஃப்ட் அடிக்கடி நின்னு போகும். அப்பாவுக்குச் சரிப்படாது" என்றான்.

யாரிடம் சொல்கிறான் பாருங்கள்! அவன் கட்டடத்து லிஃப்ட் அவள் கம்பெனி பார்க்கிற லிஃப்ட். அந்த வருஷம் அங்கிருந்து ஒரு புகார் வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். வந்திருந்தால் எடுத்திருக்க வேண்டியவளே அவள்தான். அன்றைக்குப் போய்த் தட்டுகளைக் கழுவினாள். ஒரு தட்டு உடைந்தது.

அதற்குப் பதிலாகத் தம்பி ஒரு காரியம் செய்தான். ஒரு கேமரா வாங்கிவந்து ஹால் சுவரில், கதவுக்கு மேலே மாட்டினான். அது பார்க்கும், கேட்கும், அவன் தன் ஃபோனில் அழுத்தினால் பேசவும் செய்யும். "இனிமே நீ கவலைப்படாம வேலைக்குப் போக்கா. நான் இருந்த இடத்துல இருந்தே பாத்துக்கறேன்" என்றான். அவள் ஃபோனிலும் அதைப் போட்டுக் கொடுத்தான். அவள் திறக்கவே இல்லை. வேலை நேரத்தில் ஃபோன் மேஜை டிராயரில் பூட்டிக் கிடக்க வேண்டும் என்பது ஆபீஸ் விதி.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. அவள் சமையலறையில் கையும் மாவுமாக நிற்பாள், ஃபோன் அடிக்கும். "அக்கா, அப்பா போர்வை நழுவியிருக்கு பாரு." அவள் குளித்துவிட்டு வருவாள், ஃபோன் அடிக்கும். "அக்கா, அம்மா ரொம்ப நேரமா ஜன்னல்கிட்ட நிக்கறாங்க, குளிர் காத்து." ஒரே வீட்டில், மூன்றடி தூரத்தில் இருக்கிற போர்வையைப் பற்றி, ஊரின் மறுகோடியிலிருந்து அவளுக்கு உத்தரவு வரும். உறவில் எல்லோருக்கும் செய்தி போய்விட்டது. அத்தை ஃபோன் செய்து உருகினாள். "கேமரா எல்லாம் வச்சுப் பாத்துக்கறானாமே! இந்தக் காலத்துல எந்தப் பையன் செய்வான்?"  அவள் ஆமாம் அத்தை என்று சொல்லி வைத்தாள்.

அம்மாவோ தலைகால் தெரியாமல் போனாள். மகன் பார்க்கிறான் என்று காலையிலேயே தலை சீவி, நல்ல சேலை கட்டி, கேமராவுக்கு நேரே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். சுவரிலிருந்து குரல் வந்தால் போதும், "சொல்லு கண்ணு! சாப்பிட்டியா கண்ணு?" என்று அதோடு கொஞ்சுவாள். குரல் வராவிட்டாலும் அவ்வப்போது, "கண்ணு, இருக்கியா?" என்று கேட்டுக்கொள்வாள். அப்பா இதையெல்லாம் தன் மூலையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படி இருக்கும்போதுதான் ஆபீசில் புது ஏற்பாடு வந்தது. அடுத்த மாதத்திலிருந்து புகார் அறையில் எல்லோருக்கும் மாறி மாறி இரவு வேலை. விதிவிலக்கு பகலில் அறையை நடத்துகிற தலைமைக்கு மட்டும். அந்த இடம் காலியாக இருந்தது. கிடைத்தால் நிரந்தரமாகப் பகல், மதியம் ஒரு மணி நேரம் விட்டுப் போக உதவிக்கு ஆளும் உண்டு. கிடைக்காவிட்டால் அவள் வேலையை விட வேண்டியதுதான். ராத்திரியில் அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்க வீட்டில் வேறு யார்? வேலையை விடுவது என்றால் சம்பளத்தை மட்டும் விடுவதில்லை. அந்த ஹெட்ஃபோனைக் காதில் மாட்டும்போதுதான் அவள் ஒரு ஆளாக இருந்தாள். அவள் சொன்னால் கதவுகள் திறந்தன.

மேனேஜர் கறாரான மனிதர், ஆனால் ஓரவஞ்சனை கிடையாது. "ஒரு நாள் முழுக்க ரூமை நீ நடத்திக் காட்டு. அன்னைக்கு எழுந்து போகக் கூடாது. சரியா நடந்தா சீட்டு உனக்கு" என்றார்.

அன்று மாலை தம்பிக்கு ஃபோன் செய்தாள். "டேய், நாளைக்கு ஒரே ஒரு நாள். மதியம் என்னால வீட்டுக்குப் போக முடியாது. நீ கொஞ்சம் பாத்துக்கோ."

"இதுக்குப் போயி இவ்வளவு இழுக்கறியா? நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியா போ."

"நிச்சயமா?"

"காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நான் பாத்துக்கறேன்க்கா. போதுமா?"

அவள் மனம் இளகிவிட்டது. பாவம், நல்லவன்தான், நாம்தான் கேட்டதில்லை என்று நினைத்தாள். ஊருக்கெல்லாம் அந்த வார்த்தையை நம்பாதே என்று பாடம் நடத்துகிறவள், தன் வீட்டில் சொன்னதும் நம்பிவிட்டாள். அந்த மடத்தனத்தை நினைத்து அப்புறம் அவள் தலையிலடித்துக்கொண்டது கொஞ்சமல்ல.

மறுநாள் அறை அவள் கையில் சுழன்றது. மழை நாள், லிஃப்டுகளுக்கு ஆகாத நாள். ஒரு கண் டாக்டர் கட்டடத்தில் நான்கு பேர் மாட்டிக்கொண்டார்கள், ஒரு குடியிருப்பில் புதுக் கட்டிலோடு ஒரு கட்டில் கடைக்காரர் மாட்டிக்கொண்டார். அவள் ஆளை இங்கிருந்து எடுத்து அங்கே போட்டாள், அங்கிருந்து இங்கே திருப்பினாள். மேனேஜர் வந்து பின்னால் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லாமல் போனால் திருப்தி என்று பொருள். மதியம் தாண்டியது. தம்பி இந்நேரம் ஊட்டி முடித்திருப்பான் என்று ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டாள். அடுத்த அழைப்பை எடுத்தாள்.

"பதறாதீங்க. எந்தக் கட்டடம்? உள்ள எத்தனை பேர்?"

"அக்கா, நான்தான்."

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. "நீ லிஃப்ட்ல மாட்டிக்கிட்டியா?"

"அய்யோ, அதெல்லாம் இல்ல. உன் செல்லுக்கு எத்தனை தடவை அடிக்கறது? எடுக்கவே மாட்டியா? வேற வழி இல்லாம கம்ப்ளெய்ன்ட் நம்பரைத் தேடிப் பிடிச்சு அடிக்கறேன். அம்மா விழுந்துட்டாங்க. தரையில கிடக்காங்க. அப்பா வேற நாற்காலியிலேர்ந்து எழுந்திரிக்கப் பாக்கறாரு. நீ உடனே போ."

"எப்போ விழுந்தாங்க?"

"இருக்கும், ஒரு முக்கால் மணி நேரம்."

"நீ எங்க இருக்கே?"

"எங்க இருப்பேன், ஆபீஸ்லதான்."

"மதியம் வீட்டுக்கு வர்றேன்னு சொன்னியே!"

"வர்றேன்னு எப்பக்கா சொன்னேன்? பாத்துக்கறேன்னு சொன்னேன். காலையிலேர்ந்து பாத்துட்டுத்தான் இருக்கேன். ஒரு நிமிஷம் கண்ணை எடுக்கல. இப்பக்கூடப் பாத்துட்டுத்தான் பேசறேன்."

அவள் வாயிலிருந்து பழக்க தோஷத்தில் அந்தக் கேள்வி தானாக வந்தது. "ஆள் கிளம்பிட்டாங்களா?"

"எந்த ஆள்?" என்றான் தம்பி.

அவள் அழைப்பை வெட்டினாள்.  திரையைப் பார்த்தாள். அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு புள்ளி, மெக்கானிக் ஸ்பானருடையது. ஸ்பானர் என்பதும் பட்டப்பெயர்தான், சாப்பிடும்போதுகூட ஸ்பானரை இடுப்பிலிருந்து கழற்றாதவன். அவனைக் கூப்பிட்டு வீட்டு அடையாளம் சொன்னாள். யார் வீடு என்றுகூட அவன் கேட்கவில்லை. "கிளம்பிட்டேன்க்கா" என்றான். உள்ளே தாழ் போட்ட கதவைத் திறப்பது அவனுக்கு ஒரு வேலையே இல்லை. ஆம்புலன்சுக்கும் அவளே சொன்னாள், பத்து நிமிஷத்தில் அது வீட்டு வாசலில் நின்றது. அவள் ஹெட்ஃபோனைக் கழற்றிப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். மேனேஜர் அறைக் கதவு திறந்திருந்தது, அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் அவரைப் பார்த்தாள். நடந்து வெளியே போனாள்.

அம்மாவுக்கு வலது மணிக்கட்டு உடைந்திருந்தது, இடுப்பில் நீலம் பாரித்த வீக்கம். இடுப்பெலும்பு தப்பித்தது என்றார் டாக்டர். கட்டுப் போட்டுப் படுக்க வைத்த பிறகுதான் தம்பி வந்தான், சட்டை கசங்காமல். அம்மா மாவுக்கட்டுக் கையைத் தூக்கி அவன் கன்னத்தைத் தடவினாள். "பாவம்டி இவன். அவ்வளவு நேரமும் என்கூடப் பேசிக்கிட்டே இருந்தான். பயப்படாதேம்மா, பயப்படாதேம்மான்னு. நீதான் ஃபோனை எடுக்கலையாமே?"

 "எதுக்கும்மா முக்காலி மேல ஏறினே?" என்று மட்டும் அவள் கேட்டாள். ஸ்பானர் உள்ளே போனபோது முக்காலி கவிழ்ந்து கிடந்திருக்கிறது.

"ஒட்டடை அடிக்கலாம்னு நானாத்தான் ஏறினேன்" என்றாள் அம்மா, மகனைப் பார்க்காமல். மகன் ஜன்னல் பக்கம் பார்த்தான்.

பிறகு அவன் யோசனை சொன்னான். அவன் வாயிலிருந்து வந்ததை அப்படியே சொல்கிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை. "சமையலறையில ஒரு கேமரா, அப்பா ரூம்ல ஒண்ணு போட்டுடலாம்க்கா. அப்புறம் நீயும் யோசி. இனிமே அம்மாவால எதுவும் முடியாது. பேசாம வேலையை விட்டுடேன். உனக்கென்ன, தனி ஆள். புள்ளையா குட்டியா?"

ஆஸ்பத்திரியில் கத்தக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. அதனால் பிழைத்தான்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது ஸ்பானர் அப்பாவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான், அப்பாவின் மடியில் நன்றாகப் போர்த்தியிருந்தான். அவன் போன பிறகு அப்பா அவள் கையைப் பிடித்தார். உதடு இழுத்துக்கொண்டது. "கண்ணு... தொடைக்க... சொல்லுச்சு" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அழுதிருக்கிறார், கண்ணைத் துடைக்கச் சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து அவள் துண்டை எடுத்து அவர் கண்களைத் துடைத்துவிட்டாள். அப்பா தலையைத் திருப்பிக்கொண்டார், கோபமாக.

மறுநாள் மேனேஜர் முன்னால் நின்றாள்.

"கம்பெனி ஆளைக் கம்பெனி நேரத்துல சொந்த வேலைக்கு அனுப்பியிருக்கே."

"ஆமா சார்."

"அந்த நேரம் அதே தெருவுல ஒரு லிஃப்ட் நின்னிருந்தா?"

 அவர் கேட்டது நியாயம், அதுதான் இன்னும் எரிந்தது. அநியாயம் செய்தவன் நாலாவது மாடியில் உட்கார்ந்திருக்க, நியாயமான கேள்விக்கு இவள் தலை குனிந்து நிற்க வேண்டியிருக்கிறது.

"அதுவரைக்கும் நல்லாத்தான் நடத்தினே" என்றார் மேனேஜர். "ஒரு வாரம் லீவு எடுத்து வீட்டைச் சரி பண்ணு. அடுத்த திங்கள் இன்னொரு நாள் தர்றேன். அன்னைக்கும் எழுந்து போனா வேற ஆளைப் போட்டுடுவேன். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

அந்த வாரம் அவள் இரண்டு பேருக்கு ஊட்டினாள். இரண்டு பேரைக் கழுவினாள். அம்மா வலியில் அனத்துவாள், சுவரிலிருந்து குரல் வந்தால் மட்டும் சிரித்த முகமாக, "இப்ப பரவால்ல கண்ணு" என்பாள். வேலையை விட்டுவிடலாமா என்று ஒரு தடவை அவளுக்கே தோன்றியது. தோன்றியதற்காகத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. இப்படித்தான் வழிக்குக் கொண்டுவருகிறார்கள். யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதில்லை. பாத்துக்கலாம், பாத்துக்கலாம் என்று சொல்லிச் சொல்லியே கடைசியில் ஒருத்தியை மட்டும் தனியாக நிற்க விட்டுவிட்டு, உனக்கென்ன, தனி ஆள் என்கிறார்கள்.

சனிக்கிழமை ஹாலைப் பெருக்கும்போது கதவோரம் ஒரு துணி கிடந்தது. அம்மா கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணி. ஒட்டடை அடிக்கப் போனவள் கையில் இது எதற்கு? அண்ணாந்து பார்த்தாள். மேலே கேமரா. கேமராவின் வட்டத்தில் பாதி மட்டும் பளபளவென்று துடைத்திருந்தது, மறுபாதியில் தூசி.

திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் நல்ல கையை மெல்லத் தூக்கிச் சுவரைக் காட்டினார். "கண்ணு" என்றார்.

அப்போதுதான் விளங்கியது. நாள் முழுக்க அம்மா அந்தப் பெட்டியைப் பார்த்துக் கண்ணு, கண்ணு என்று கொஞ்சுவதைக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர், அதற்கு அதையே பெயராக வைத்துவிட்டார். கண்ணு துடைக்கச் சொன்னது. அதாவது, கேமரா அம்மாவிடம் தன்னைத் துடைக்கச் சொன்னது. ஒரு வாரமாக இதைத்தான் அப்பா தன்னிடம் இருக்கிற நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு மாரடித்திருக்கிறார். தான் துண்டை எடுத்து அவர் கண்ணைத் துடைத்ததை நினைத்து அவளுக்கு அழுகையும் வந்தது. ஆத்திரம்தான் முதலில் வந்தது.

"அம்மா, அவன் தொடைக்கச் சொன்னானா?"

அம்மா மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "படம் மங்கலா தெரியுதுன்னான். புள்ளை ஆசையா பாக்கறான், தெளிவாத்தான் பாக்கட்டுமேன்னு..." என்று இழுத்தாள். "அதுக்காக அவனை ஒண்ணும் சொல்லிடாதே!"

அவள் முக்காலியைப் போட்டு ஏறினாள். கேமராவைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். திருகாணிகள் சிதறின.

ஞாயிற்றுக்கிழமை மாலை தம்பி வீட்டு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தது தம்பி மனைவி. வாசலில் சக்கர நாற்காலியில் அப்பா, அவர் பின்னால் தலை சீவிப் பூரிப்போடு அம்மா, இரண்டு பை, மாத்திரை டப்பா, கழிப்பறை நாற்காலி, கையில் டிரில்லோடு ஸ்பானர். எல்லோருக்கும் முன்னால் அவள். லிஃப்ட் ஒரு குலுங்கல் இல்லாமல் நாலாவது மாடிக்கு வந்திருந்தது.

"என்ன அண்ணி, திடீர்னு? ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீங்க ஊர்ல இருந்திருக்க மாட்டீங்க. வழி விடு."

தம்பி உள்ளிருந்து ஓடிவந்தான். "அக்கா, என்னக்கா இது! இங்க எப்படி? லிஃப்ட் அடிக்கடி..."

"இந்த வருஷம் உங்க கட்டடத்துலேர்ந்து ஒரு கம்ப்ளெய்ன்ட் வரல. ஃபோன் எடுக்கறதே நான்தான்டா. இந்தப் பொய்யை யார்கிட்ட சொல்றேன்னுகூட யோசிக்காம சொல்லிக்கிட்டிருக்கே."

 அவள் நிறுத்தவில்லை. "அம்மாவை முக்காலில ஏறச் சொன்னியா?"

"நான் ஏறச் சொல்லலக்கா! சத்தியமா சொல்லல. யாராவது தொடைச்சா நல்லாருக்கும்னுதான் சொன்னேன்."

"யாராவதா? அந்த வீட்டுல யாருடா இருந்தாங்க? ஒரு கை ஒரு கால் விழுந்த மனுஷன், முட்டி போன பொம்பளை. இதுல யாராவதுன்னா யாரு? நீ சொன்ன யாராவது எப்பவும் நான்தான். அன்னைக்கு நான் இல்ல. அதனால அம்மா ஏறினாங்க. முக்கால் மணி நேரம் தரையில கிடந்தாங்க. நீ அரை மணி தூரத்துல உக்காந்து அதையும் பாத்தே. கிளம்பியிருந்தா வந்து சேர்ந்திருப்பே."

பக்கத்து வீட்டுக் கதவு லேசாகத் திறந்தது. திறக்கட்டும் என்று அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"அவனை விடுடி" என்றாள் அம்மா.

"நீ சும்மா இரும்மா!" அம்மாவிடம் அவள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அம்மா சும்மா இருந்தாள்.

அப்புறம் அவள் அப்பாவைச் சோபாவுக்கு மாற்றியபடியே தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தாள், புதிதாக வேலைக்கு வந்தவனுக்குச் சொல்வது போல. "அக்குளுக்கு அடியில கை குடு. முதுகை வளைக்காதே, முட்டியை மடக்கு. அவர் இடது பக்கம் நீ நிக்கணும். மதியம் சாப்பாட்டுக்கு முன்னாடி கழிப்பறை. கேக்க மாட்டாரு, நீயாத்தான் கூட்டிட்டுப் போகணும். அம்மா கைக்கட்டு பிரிக்கற வரைக்கும் இங்க. அப்புறம் ஒரு மாசம் உன் வீடு, ஒரு மாசம் என் வீடு. நாளைக்கு நீ லீவு போடு."

"நாளைக்கா? முக்கியமான மீட்டிங் இருக்குக்கா."

"எனக்கும் இருக்கு."

இதற்குள் ஸ்பானர் ஹால் சுவரில், கதவுக்கு மேலே, துளை போட்டு முடித்திருந்தான். தம்பி நிமிர்ந்து பார்த்தான். தான் வாங்கிய கேமரா தன் சோபாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

போகும்போது அப்பா அவள் கையை விடவில்லை. அந்தக் கையை எடுப்பதுதான் அவளுக்கு அன்றைக்கு முடியாத காரியமாக இருந்தது. "அப்பா, என்னால வேலையை விட முடியாதுப்பா. நாளைக்குச் சாயங்காலம் வர்றேன்" என்றாள்.  அவர் தன்னிடம் மிச்சமிருந்த வார்த்தைகளில் ஒன்றைத் தேடி எடுத்தார். "போ" என்றார். கையை அவராகவே விட்டார்.

திங்கட்கிழமை அறை நன்றாக நடந்தது. ஒரு பள்ளிக்கூடத்து லிஃப்டும் ஒரு வங்கி லிஃப்டும் ஒரே நேரத்தில் நின்றன, இரண்டு இடத்துக்கும் ஆள் போய்ச் சேர்ந்தது. மதியம் மேனேஜர் வந்து பின்னால் நின்றார், ஒன்றும் சொல்லாமல் போனார். வாசல் வரை போனவர் திரும்பி, "சாப்பாட்டு நேரத்துல டிராயரைத் திறந்துக்கலாம்" என்றார்.

அவள் ஃபோனை எடுத்தாள். தம்பி போட்டுக் கொடுத்து இத்தனை நாள் திறக்காமலே கிடந்ததைத் திறந்தாள்.

படம் தெளிவாக இருந்தது. அம்மா சோபாவில் உட்கார்ந்திருந்தாள், கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. தலை சீவவில்லை, பின்னல் அவிழ்ந்து கலைந்து கிடந்தது. மகள் பார்க்கிற கேமராவுக்கு எதற்குச் சீவ வேண்டும்?  அவள் அந்த முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

அப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்து நின்றார். காலடியில் ஈரம். தம்பி சட்டைக் கையை மடித்துக்கொண்டு, எங்கே தொடுவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு சுவரை அண்ணாந்து பார்த்து, இரண்டு கையையும் விரித்துக் கத்தினான்.

"அக்கா! பாத்துட்டு இருக்கியா? அப்பா நனைச்சுட்டாரு, நிக்கறாரு, விழுந்துடப் போறாரு. நான் ஒத்தையா என்ன பண்ணுவேன்? யாராவது வாங்களேன்!"

அவள் பொத்தானை அழுத்தினாள்.

"பதறாதே" என்றாள், அந்த அறையில் ஆயிரம் பேரிடம் பேசிய அதே குரலில். "நான் பாத்துக்கறேன்."

தம்பி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். யாரும் வரவில்லை. அப்பாவின் முழங்கால் ஆடத் தொடங்கியது. பிறகு அவன் இடது பக்கமாக வந்து, முட்டியை மடக்கி, அக்குளுக்கு அடியில் கையைக் கொடுத்தான். அவர் உட்காரும் வரை அவள் பார்த்தாள். அதற்கப்புறம் ஃபோனை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டுத் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, உட்கார்ந்து சாப்பிட்டாள்.